பெட்டிக்குள் நூற்றைம்பது வாட்டு

ராஜமாணிக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மனுஷர்களைப் பார்க்க மாட்டான். செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணாந்து, எரிகிற குண்டு பல்பைப் பார்ப்பான். இடது கண் தானாக மூடிக்கொள்ளும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியை மெல்லத் தேய்க்கும், ஜவுளிக் கடையில் துணியின் நயம் பார்க்கிறவர்கள் செய்வது மாதிரி. பிறகு உதடு மட்டும் அசையும். "நூத்தி தொண்ணூறு." அதற்கப்புறம்தான் நலம் விசாரிப்பதெல்லாம்.

அது அந்த வீட்டுக்கு அப்போது வந்துகொண்டிருக்கும் வோல்டேஜ். பல்பின் இழை வெள்ளையாகக் கண்ணைக் குத்தினால் இருநூற்று முப்பது. எலுமிச்சம்பழ நிறமானால் இருநூறு. பப்பாளியாகப் பழுத்துவிட்டால் நூற்றறுபது. அதற்கும் கீழே போனால் வெளிச்சம் என்று ஒன்று இருக்காது, கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு புழு நெளிவது மட்டும் தெரியும். தேரடி டீக்கடையில் அவனைப் பந்தயத்துக்கு இழுப்பார்கள். அவன் எண்ணைச் சொல்வான், கூட்டாளி சடையன் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்ப்பான். இரண்டு மூன்று வோல்ட் முன்னே பின்னே இருக்கும். டீ இலவசம்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் பெண் பார்க்கப் போனபோதும் இதேதான் நடந்தது. உண்ணாமலை காபித் தம்ளரோடு வந்து நிற்கிறாள், மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு "நூத்தி எழுவது" என்கிறான். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனுக்குக் கண் கோளாறோ, அல்லது கேட்கப்போகிற சீர்வரிசையின் கணக்கோ என்று அவர்களுக்குப் பயம். கல்யாணமாகி வந்த சூட்டோடு அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு நூத்தி எழுவதுன்னீங்களே, அது எனக்குப் போட்ட மார்க்கா?"

"அய்ய, அது உங்க வீட்டு கரண்டு."

"எவ்ளோக்கு?"

"இருநூத்தி முப்பதுக்கு."

"அப்ப முக்காவாசி இருக்குதே. எங்க வீடு பாஸ்தான்."

"வோல்டேஜ் முக்காவாசி இருந்தா வெளிச்சம் முக்காவாசி வராது உண்ணா. பாதிக்குக் கொஞ்சம் மேல வரும், அவ்ளோதான்."

"அதெப்படி? நீங்க சொல்றதுதான் கணக்கா?"

அவன் உற்சாகமாகிவிட்டான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு முடித்தவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுவரில் விரலாலேயே எழுதிக் காட்டினான். வோல்டேஜ் என்பது தள்ளுகிற பலம். கரண்டு என்பது ஓடுகிற அளவு. கம்பி குறுக்கே நின்று மறிக்கும், அதுதான் ஓம். தள்ளுவதை ஓடுவதால் வகுத்தால் எவ்வளவு மறிக்கிறது என்று தெரியும். தள்ளுவதையும் ஓடுவதையும் பெருக்கினால் வாட்டு, அதாவது சூடும் வெளிச்சமும். "தள்ளுறது கொறஞ்சா ஓடுறதும் தன்னால கொறையும். கொறஞ்சதையும் கொறஞ்சதையும் பெருக்கினா என்னாவும்?"

"மாமியாரும் கோவிச்சிக்கினு, புருசனும் கோவிச்சிக்கினா மாதிரி ஆவும்" என்றாள் உண்ணாமலை.

இதைவிடச் சரியாக எந்த வாத்தியாரும் சொல்லியிருக்க முடியாது என்று ராஜமாணிக்கம் சடையனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

இன்னொரு கணக்கும் அவர்களுக்குள் இருந்தது. ஐ.டி.ஐ. வகுப்பில் ஒரு நாள் கேட்டது: ஆள் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவன் உடம்பிலிருந்து நூறு வாட்டு பல்பு அளவுக்குச் சூடு வெளியே போகும், கல்யாண மண்டபத்தில் ஃபேன் இல்லாமல் முடியாதது அதனால்தான். மார்கழியில் மலைக்காற்று ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் வீடு அவர்களுடையது. உண்ணாமலை ஜில்லிட்ட பாதங்களைக் கொண்டுவந்து அவன் முழங்காலுக்கடியில் சொருகிக்கொள்வாள். அவன் துள்ளி எழுந்தால் சிரிப்பாள். "கம்முனு படுங்க. நூறு வாட்டு. பில்லும் கிடையாது, கட்டும் கிடையாது." 'கட்டு' என்றது மின்வெட்டை. ஊரில் அப்போது அது சோறு தண்ணி மாதிரி தினப்படி விஷயம்.

பிள்ளை மட்டும் தங்கவில்லை. கிரிவலம் வந்தார்கள், ஈசான்ய லிங்கத்திடம் வேண்டிக்கொண்டார்கள், டாக்டரிடமும் போனார்கள். தொண்ணூற்றொன்றில் ஒரு கரு ஐந்து மாதம் தாண்டி, ஆறு தாண்டி நின்றது. உண்ணாமலை குடம் தூக்குவதை நிறுத்தினாள். ராஜமாணிக்கம் சைக்கிளில் அவளை ஏற்றுவதை நிறுத்தினான்.

அந்த வருஷமும் கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு தெருவின் கார்த்திகை தீப அலங்காரம் அவனுக்கும் சடையனுக்கும்தான். தெரு நீளத்துக்கு சீரியல் செட், இரண்டு வளைவு, வளைவெல்லாம் கலர் பல்பு, முனைக்கு முனை போக்கஸ் லைட்டு. அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் தீபம் தெரிகிறவரை அலங்காரத்தில் ஒரு பல்பும் எரியக் கூடாது. ஜனம் இருட்டில் மலையைப் பார்த்து நிற்கும். உச்சியில் நெருப்பு தெரிந்த அந்த நொடியில் மெயின் போர்டில் சுவிட்சைத் தள்ள வேண்டும், தெரு முழுக்க ஒரே மூச்சில் பற்றிக்கொள்ள வேண்டும். போன வருஷம் அடுத்த தெருக்காரர்கள் அரை நிமிஷம் முந்திவிட்டார்கள். மளிகைக்கடை அப்பாசாமிக்கு அது ஆறாத புண். அவர்தான் தெரு விழாக் குழுவின் தலைவர்.

கொடியேறி உற்சவம் நடந்துகொண்டிருக்கையில், ஏழாம் மாசத்திலேயே உண்ணாமலைக்கு வலி கண்டுவிட்டது. அதே தெருவின் கடைசியில் ஒரு வீட்டையே மாற்றி நடத்திக்கொண்டிருந்த சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழுந்து எழுந்தது.

குழந்தையைப் படுக்க வைத்தது ஒரு மரப் பெட்டியில். முன்பக்கம் கண்ணாடி, மேலே இரண்டு ஹோல்டர், இரண்டு நூறு வாட்டு பல்பு, உள்ளே துணி மெத்தை. பெட்டியிலிருந்த அந்தச் சூடுதான் குழந்தைக்குக் கர்ப்பப்பை.

"சூடு மட்டும் விடாம இருக்கணும்பா" என்றார் டாக்டரம்மா. "தீபக் கூட்டம் கலையட்டும், வேலூருக்குக் கொண்டுபோயிடலாம். இப்ப எந்த வண்டியையும் ஊருக்குள்ள விடமாட்டான், வெளியயும் விடமாட்டான்."

ராஜமாணிக்கம் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் பல்பைத்தான் பார்த்தான். இருநூற்று இருபது. நல்லது. அதற்கப்புறம்தான் மகளைப் பார்த்தான். உண்ணாமலை படுத்தபடியே, "இவளுக்கும் மார்க் போட்டாச்சா?" என்றாள். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் கேட்டாள்.

தீபத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம் அவன் பெட்டி அருகே நின்றிருந்தான். தெருவில் வீட்டு விளக்குகள் போட்டுவிட்டார்கள். பல்பு எலுமிச்சை நிறத்துக்கு இறங்கியிருந்தது, இருநூறு. அது தினமும் நடப்பதுதான். திடீரென்று இரண்டு பல்பும் ஒன்றாகச் சோர்ந்து பப்பாளியாகப் பழுத்தன. இடது கண் மூடியது. நூற்றறுபது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிக்கொண்டது.

சடையன் அலங்கார போர்டைப் போட்டுச் சரிபார்த்திருக்கிறான்.

தெருவுக்கு ஓடினான். "மறுபடி போடு" என்றான். ஓடுகிற கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை வயரைச் சுற்றிக் கவ்வவைத்தான். நாற்பது ஆம்பியர். நாற்பது ஆம்பியர் ஓடும்போது தெருக்கோடியில் நாற்பது வோல்ட் விழுகிறது. வகுத்தால் ஒரு ஓம். டிரான்ஸ்பார்மரிலிருந்து நர்சிங் ஹோம் வரை காற்றில் தொங்கிக்கொண்டு வருகிற அந்தப் பழைய அலுமினியக் கம்பி, போக வர, மொத்தமாக ஒரு ஓம் மறிக்கிறது. ஒரே ஒரு ஓம். பார்க்க ஒன்றுமில்லாத எண். அந்தத் தெருவுக்கு இழுத்திருந்ததும் ஒரே பேஸ் கம்பி, அலங்காரத்தை வேறு பேஸுக்கு மாற்றவும் வழி இல்லை.

மிச்சக் கணக்கை அவன் வாய்விட்டே போட்டான். இருநூறு வோல்ட்டில் பெட்டிக்குள் நூற்றைம்பது வாட்டு. நூற்றறுபதில் நூறுகூட வராது. பல்பு இழை ஆறினால் தடை கொஞ்சம் குறையும், பத்துப் பதினைந்து வாட்டு கூடலாம். அவ்வளவுதான்.

"பெரிய பல்பா மாட்டிடேன்" என்றான் சடையன்.

அதையும் கேட்டுப் பார்த்தான். நர்சம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கரண்டு திடீர்னு ஏறிச்சுன்னா குழந்தை வெந்துபூடும்பா. கூடவே ஒரு ஆள் நின்னு மாத்தி மாத்திப் போட்டா சரி. தீபத்தன்னிக்கு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"நான் நிக்கிறேங்க."

"பொம்பளைங்க படுத்திருக்கிற ரூமு. பாக்குற நேரம் முடிஞ்சா ஆம்பளைங்க உள்ள இருக்கக் கூடாது."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பெட்டி மேல் தப்பில்லை, கம்பி மேல் தப்பில்லை. தன் கையால் கட்டிய பல்புகள்தான் தன் மகளின் சூட்டை உறிஞ்சப்போகின்றன என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அப்பாசாமி கடையில் வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா மாணிக்கம். குழந்தை எப்படி இருக்குது?"

"இருக்குதுங்கண்ணா. நாளைக்கு லைட்ட ஒரு பாதி மட்டும் போடலாங்களா?"

"பாதியா? பாதி மீசைய எடுத்துட்டு கோயிலுக்குப் போவியா நீ?"

அவன் சொன்னான். நாற்பது ஆம்பியர், ஒரு ஓம், பெட்டி, வாட்டு. அப்பாசாமிக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் அவன் முகம் புரிந்தது. அவரும் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவர்.

"பாதி போட்டா குழந்தைக்குப் போதுமா?"

"நூத்தியிருவது வாட்டு வருங்க. துணிய நல்லா சுத்தி வெச்சா தாங்கும்."

"சரி போ. இந்தாண்டப் பக்கம் வளைவும் சீரியலும் எரியட்டும். அந்தாண்ட வளைவும் போக்கஸும் வாணாம். கேட்டா லைன்ல கோளாறுன்னு சொல்லிக்கிறேன். அண்ணாமலையார் கோவிச்சிக்க மாட்டாரு. பக்கத்துத் தெருக்காரன்தான் சிரிப்பான், சிரிச்சிட்டுப் போறான்."

ராஜமாணிக்கம் அவர் காலைத் தொடப் போனான். "எழுந்துருடா, வெல்லம் ஒட்டிக்கும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் தெருவில் எள் போட்டால் விழ இடமில்லை. மாடியெல்லாம் தலைகள். தூறல் போட்டு விட்டிருந்தது, மலை உச்சியில் மேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெயின் போர்டில் இரண்டு சுவிட்ச். முதல் சுவிட்சில் ராஜமாணிக்கம் கை வைத்திருந்தான். இரண்டாவதன் பக்கம் அப்பாசாமி நின்றிருந்தார், வேறு யாரும் தொட்டுவிடாமல் தானே காவல் காப்பதாகச் சொல்லியிருந்தார். சடையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தான். தெருக்கோடியில் நர்சிங் ஹோம் ஜன்னல் தெரிந்தது. அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் பெட்டி. எலுமிச்சை வெளிச்சம்.

மேகம் விலகியது. உச்சியில் ஒரு புள்ளி துடித்து, நிமிர்ந்து, நெருப்பாயிற்று.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

தெரு முழுக்க ஒரே தொண்டையாகக் கத்தியது. ராஜமாணிக்கம் தன் சுவிட்சைத் தள்ளினான். ஜன்னலைப் பார்த்தான். கொஞ்சம் இறங்கியது. நூற்றெண்பது. தாங்கும், தாங்கும் என்று சொல்லிக்கொண்டான்.

அப்பாசாமி கன்னத்தில் நீர் வழிய மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தலைக்குமேல் குவிந்திருந்தது. அறுபது வருஷமாக அந்த நொடியில் அந்தத் தெரு முழுசாக எரிந்துதான் அவருக்குப் பழக்கம். "அரோகரா, அரோகரா" என்று சொல்லிக்கொண்டே, தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே கையை இறக்கி இரண்டாவது சுவிட்சைத் தள்ளிவிட்டார்.

தெரு பகலாயிற்று. ஜனம் ஆர்ப்பரித்தது. தெருக்கோடி ஜன்னல் பழுத்துப்போனது.

"அண்ணா! அண்ணா, அத்த நிறுத்துங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் சுவிட்சுக்கும் அவனுக்கும் நடுவில் ஆட்கள் நெருக்கிவிட்டார்கள். ராஜமாணிக்கம் கைக்கு எட்டியது அலங்காரத்தின் மெயின் ஃப்யூஸ் மட்டும்தான். பீங்கான் கட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

ஒரே இருட்டு. பக்கத்துத் தெருக்களெல்லாம் ஜொலிக்க, அந்தத் தெரு மட்டும் குழி மாதிரி கிடந்தது. அப்புறம் யாரோ ஒரு அம்மா "அய்யோ, தீபத்தன்னிக்கு இருட்டா" என்று அலறினாள்.

"எவண்டா புடுங்கினது?"

"வயர்மேன்தான்! கையில வெச்சிக்கினு கீறான் பாரு!"

"மாட்டுடா! மாட்டுடாங்கறேன்!"

அவன் கட்டையை மூடிய கைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். அடி முதுகில் விழுந்தது, காதில் விழுந்தது, உதடு கிழிந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. யாரோ வயர் துண்டு வைத்து நேரே கொடுக்கப் பார்த்தபோது சடையன் குறுக்கே விழுந்து, "கை வைக்காதீங்க, உள்ள தீஞ்சிபோச்சு, ஷாக்கு அடிச்சி செத்துடுவீங்க" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான். சுயநினைவுக்கு வந்த அப்பாசாமி, "விடுங்கடா, விடுங்கடா அவன, தப்பு என்னுதுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

கால்களுக்கு நடுவே ஒரு சந்தில் ராஜமாணிக்கத்துக்கு அந்த ஜன்னல் தெரிந்தது. ரத்தம் இறங்கி ஒரு கண் மூடியிருந்தது, அவன் மூட வேண்டிய அதே கண். ஜன்னல் எலுமிச்சையாக ஏறியிருந்தது. இருநூறு. நூற்றைம்பது வாட்டு. அவன் அடிகளை எண்ணவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்த பிறகு சடையன் அவனைத் தாங்கிக்கொண்டு போனான். நர்சிங் ஹோம் வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே ராஜமாணிக்கம் உள்ளே போய்விட்டான், யாரும் தடுக்கவில்லை. கட்டிலில் உண்ணாமலை துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆயா நின்றிருந்தாள், மரப் பெட்டி திறந்து கிடந்தது. இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன.

"நுரையீரல் இன்னும் பக்குவம் ஆகலப்பா" என்று பின்னாலிருந்து டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "எவ்ளோ சூடு குடுத்திருந்தாலும்..."

அவன் மண்டியிட்டான்.

"லைட்டு வந்துச்சா உண்ணா?"

அவள் அவனுடைய கிழிந்த உதட்டைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். இன்னும் பிரியாத கைக்குள் வெள்ளையாகத் தெரிந்த பீங்கானைப் பார்த்தாள்.

"வந்துச்சு."

"சூடா இருந்தாளா?"

"சூடாத்தான் இருந்தா. கடைசி வரைக்கும்."

அவன் அந்தக் கட்டையைத் தரையில் வைத்துவிட்டு அப்போதுதான் அழுதான்.

அதற்குப் பிறகு அவன் தீப வேலை எதுவும் எடுக்கவில்லை. கொடுக்கவும் ஆளில்லை. தீபத்தன்று தெருவை இருட்டாக்கியவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுப் படியையும் ஏறியது. அப்பாசாமி இரண்டு தரம் வீடு தேடி வந்து அழுதுவிட்டுப் போனார். அரசு ஆபீஸ்கள் வந்து ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்ப ஆரம்பித்தபோது ராஜமாணிக்கம் அங்கே குடிபோய், புதுச் சுவர்களுக்குள் குழாய் பதித்து வயர் இழுத்தான். அந்த வீடுகளில் அவனைத் தெரிந்தவர்கள் இல்லை. அண்ணாந்து பல்பு பார்ப்பது நின்றுபோயிற்று. சி.எப்.எல். பல்பு வந்த பிறகு பார்த்தாலும் பயனில்லை. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே மாதிரிதான் எரியும், எதையும் முகத்தில் காட்டாது.

வேறு பிள்ளை தங்கவில்லை. 

வருஷா வருஷம் தீபத்தன்று பொழுது சாயும்போது அவன் வீட்டு மெயினை அணைத்துவிடுவான். உண்ணாமலை வாசலில் அகல் ஏற்றுவாள். வேங்கிக்காலிலிருந்தும் மலை தெரியும். நெருப்பு தெரிந்ததும் அவன் அதே வார்த்தைகளைச் சொல்வான்.

"நூத்தம்பது வாட்டு உண்ணா. ஃப்யூஸைப் புடுங்கினதும் ஜன்னல் ஏறிச்சு பாரு. அதுலதான பாப்பா இருந்தா. நம்மளால அதாவது குடுக்க முடிஞ்சிது."

"ம்" என்பாள் அவள்.

ஒரு வருஷம் மட்டும் அவள், "ஏங்க" என்று ஆரம்பித்தாள். அவன் திரும்பினான். அகல் வெளிச்சத்தில் அவன் உதட்டின் பழைய தழும்பு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, எண்ணெ கொறையுது, ஊத்தணும்" என்று உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு கணக்கைத்தான் அவன் பற்றிக்கொண்டு நடந்தான். அது இல்லாவிட்டால் அவன் எப்படி நடந்திருப்பான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரத்து நாலில், மழைக்காலத்தில், மஞ்சள் காமாலையில் உண்ணாமலை போய்ச் சேர்ந்தாள். முதல் இரண்டு மூன்று நாள் கைவைத்தியம் பார்த்தார்கள், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, அப்புறம் ஒன்றுமில்லை. மார்கழிக் குளிரில் படுக்கும்போது ராஜமாணிக்கம் பழக்கதோஷத்தில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இடம் விட்டுப் படுத்தான்.

அவள் காரியத்தன்று, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பந்தல் கால் ஓரமாக ஒரு வயசான அம்மா தயங்கி நின்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன அடையாளம் தெரியுதாப்பா? சந்திரம்மா. அந்த நர்சிங் ஹோமுல ஆயாவா இருந்தனே."

அவனுக்கு மெல்ல நினைவு வந்தது. வெந்நீர் கொண்டுவந்து வைத்தவள்.

"மகராசி போயிட்டாளாமே. சடையன் சொன்னான். மனசு கேக்கல, வந்துட்டேன். இத்தனை வருசத்துல எத்தனையோ பிரசவம் பாத்துட்டேன், உம் பொண்டாட்டிய மட்டும் மறக்க முடியலப்பா. எப்பேர்ப்பட்ட தைரியம்."

"இன்னா தைரியம்?"

"அன்னைக்கு தீபம் பாக்க நர்சு, மத்த பேருங்க எல்லாரும் மாடிக்கு ஏறிட்டாங்க. எனக்கு அப்பவே முட்டி வலி, கீழயே குந்தியிருந்தேன். அரோகரா சத்தம் கேட்டுது, பெட்டியில வெளிச்சம் சுருக்குனு மங்கிடுச்சு. உம் பொண்டாட்டி அந்தப் பச்ச ஒடம்போட எழுந்துச்சு. பெட்டியத் தொறந்து குழந்தையத் தூக்கி, ஜாக்கெட்ட அவுத்துட்டு நெஞ்சோட ஒட்டப் போட்டுக்கினு, மேல சீலையச் சுத்திக்கிச்சு. டாக்டரம்மா பாத்தா என்னையத் திட்டுவாங்கன்னு நான் சத்தம்கூடப் போட்டேன். காதுலயே போட்டுக்கல."

ராஜமாணிக்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்த நேரத்துல லைட்டு பளிச்சுனு வந்துடுச்சு. இப்ப உள்ள வையும்மான்னேன். வைக்கல. குழந்தை காதுல என்னமோ நூறு வாட்டு, நூறு வாட்டுன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. எனக்கு இன்னான்னு புரியல. தாலாட்டு மாதிரி சொல்லிச்சுப்பா. மாருலயேதான் குழந்தைக்கு மூச்சு நின்னுது. நீ மூஞ்செல்லாம் ரத்தமா உள்ள வந்தப்ப என் கையப் புடிச்சி ஒரு அழுத்து அழுத்திச்சு, சொல்லாதன்னு. இன்னைக்கு வரைக்கும் சொல்லல நானு."

பந்தலுக்கு வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியைத் தேய்த்தது.

"அப்ப, பெட்டியில?" என்றான்.

"பெட்டியில யாரு? வெறும் துணிதான். அது சும்மாதான் எரிஞ்சிக்கினு இருந்துச்சு."